மச்சினன் கயிறு விட்ட அத்தியாயம்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவை.

முதலில் ஒன்றைச் சரி செய்துவிடுகிறேன். என் கணவர் போன துக்கத்தை மறக்கத்தான் நான் நாவல் எழுதுகிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு. நேற்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும் காதில் விழுந்தது. "பாவம், எதையாவது கிறுக்கிக்கிட்டு இருந்தாத்தான மனசு ஆறும்." தவறு. முதல் பதினொரு அத்தியாயங்கள் அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதியவை. கப்பல் ஏஜென்சியில் முப்பது வருடம் இருந்தவர். நான்காம் அத்தியாயத்தில் கப்பல் வரும் திசை தவறு என்று சொன்னார், திருத்தினேன். நான் கிறுக்கவில்லை. மனம் ஆறுவதற்காகவும் எழுதவில்லை. அச்சில் வருவதற்காக எழுதுகிறேன்.

இன்று:
பிரஷர் மாத்திரை.
கேஸ் புக் பண்ண.
தட்டச்சுப் பிரதியில் உள்ள சே.ம.சூ.க்களை எடுக்க.

கடைசி வேலை பெரிய வேலை. கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சேசு, மரி, சூசை என்பதற்கு மூன்று எழுத்துப் போடாவிட்டால் சிஸ்டர் நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். நான் சாத்தான்குளத்துப் புராட்டஸ்டண்டு வீட்டுப் பெண். இருந்தும் கை பழகிவிட்டது, அறுபது வருடமாக நிற்கவில்லை. டி.டி.பி. பெண் அத்தனையையும் விடாமல் அடித்து வைத்திருக்கிறாள், வாக்கியத்தின் நடுவிலும். "படகு மெல்லக் கரையை சே.ம.சூ. நெருங்கியது." மதியம் வரை தொண்ணூறு எடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

காற்று குறையவில்லை. என் நாவல் 'கல்லும் கயிறும்' பிரதியை இன்றுவரை வாங்கிப் போனவர்கள்:

டாக்டர். மூன்று மாதம் வைத்திருந்தார். முதல் பக்கத்தில் காப்பி டம்ளர் வட்டம். மற்ற பக்கங்கள் புதுக்கருக்கு கலையாமல்.

பெங்களூரில் அண்ணன் மகன். "சூப்பர், அத்தை." கதாநாயகன் பெயர் என்ன என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

வாசகர் வட்டத்துச் செயலாளர். சரித்திர நாவல் என்றால் ஒரு ராஜா, ஒரு குதிரையாவது வேண்டாமா என்றார். முத்துக் குளிக்கிறவனுக்குக் குதிரை எதற்கு என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

சென்னைப் பதிப்பாளர், இனி ப. என்று எழுதுகிறேன். நான்கு மாதம். படித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மெட்டில்டா. பின் தெரு. ஒன்றுவிட்டு ஒரு நாள் மீன் கொண்டு வருவாள். புருஷன் சிலுவை, சங்கு குளிப்பவர். இந்தக் காற்றில் கடல் கலங்கிக் கிடக்கிறது. அடியில் தன் கையே தனக்குத் தெரியாது என்பதால் ஆட்கள் எல்லாம் கரையில். போன வாரம் மேசைமேல் பிரதியைப் பார்த்துவிட்டு, "எங்க ஆள்களப் பத்தித்தான் எழுதிருக்கியளாமே. குடுங்க ஸ்டெனோம்மா, பத்து நாள்ல தாரேன்" என்றாள். (துறைமுக அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம். பட்டம் ஓய்வு பெறவில்லை.) மீன் பிடித்த கை என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கொடுத்தேன்.

ஜூலை 23, புதன்

மதியம் மூன்று. பின் சன்னல் வழியாக என் வாக்கியம் ஒன்று கேட்டது. கனவு என்று நினைத்தேன்.

இருபத்தாறு வருடம் குளித்ததில் சிலுவைக்கு இரண்டு காதும் மந்தம். அதனால் மெட்டில்டா கத்தித்தான் வாசிக்கவேண்டும். அதனால் தெரு முழுக்கக் கேட்கிறது. போய் ஓரமாக நின்றேன். பத்தொன்பது பேர். வலை பழுது பார்ப்பவர்கள், பூண்டு உரிப்பவர்கள், சும்மா இருப்பவர்கள்.

"கேக்கல. சத்தமா வாசிளா."

"இதுக்கு மேல கத்துனா கப்பல்காரனுக்குக் கேக்கும்."

"அந்த டச்சுக்காரன் திரும்ப வாரானா இல்லியா, அத மொதல்ல சொல்லு."

"பொறுல. நாப்பது பக்கம் கழிச்சு வாரான்."

என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். உட்காரச் சொன்னேன். சிலுவைக்கு ஒரு சந்தேகம். கடலடியில் 'மயான அமைதி' என்று நான் எழுதியிருப்பது பற்றி.

"அமைதியாம்மா? அடியில பொரி பொரியுத மாதிரி சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். எனக்கு இங்கன ஒண்ணும் கேக்காது. அங்கன கேக்கும்."

நின்ற இடத்திலேயே எழுதிக்கொண்டேன். இருபது வருடம் நூலகங்களில் பழைய அறிக்கைகளைப் புரட்டியவள். ஒன்றிலும் இது இல்லை. மயான அமைதியை அடித்து நீக்கியாயிற்று. அது என்னுடைய சொல்லும் அல்ல, எங்கோ படித்தது.

ஜூலை 24, வியாழன்

ப. அலுவலகத்திலிருந்து போன். ஆசிரியர் குழுவில் ஒரு பெண், மரியாதையான குரல். பதினெட்டாம் அத்தியாயம் பிரமாதமாம். அதைப் படித்துவிட்டு யாரும் அரைமணி நேரம் பேசவில்லையாம். அதற்காகவே போடலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் 412 பக்கம் அதிகம். "280க்குள்ள நீங்களே சுருக்கிக் குடுத்திடுங்க மேடம். புதுசா எதுவும் சேர்க்க வேண்டாம். ஆகஸ்ட் பதினஞ்சுக்குள்ள."

எழுபத்தெட்டு வயது. போடலாம் என்று ஒருவர் சொல்வது இதுதான் முதல் முறை. காப்பியில் உப்பைப் போட்டுப் பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது.

பதினெட்டை எடுத்து மறுபடி வாசித்தேன். கல்லைக் காலில் கட்டி இறங்குகிறவன் உயிர், தோணியில் கயிறு பிடிக்கிறவன் கையில். இந்தக் கரையில் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள். தன் அக்காளின் தாலியை அவன் அறுக்கமாட்டான் என்பது கணக்கு. வழக்கம் தெரிந்துதான் எழுதினேன். என் நாவலில் அந்த மச்சினனே, டச்சு அதிகாரி கொடுத்த வாக்கை நம்பிக் கயிற்றை விட்டுவிடுகிறான். கீழே இறங்கிய சவரி மேலே வரவில்லை. அடுத்த அத்தியாயம், எட்டு வருடம் கழித்து.

நல்ல வேலைதான்.

ஜூலை 25, வெள்ளி

பின் சன்னல். இன்று பதினெட்டாம் அத்தியாயம். மெட்டில்டாவின் குரல் போகப் போக இறங்கியது. சத்தமாக வாசி என்று சிலுவை சொல்லவில்லை. முடிந்த பிறகு ஒரு பெரியவர் மட்டும், "இப்படியும் எழுதுவாவளா" என்றார்.

பிறகு தெரிந்தது. அடுத்த அத்தியாயம் 'எட்டு வருடம் கழித்து' என்று தொடங்கியதுமே மெட்டில்டாவின் தம்பி அருளப்பன் எழுந்து போய்விட்டாராம். சிலுவை குளிக்கும்போது மேலே கயிறும் காற்றுக் குழாயும் பிடிப்பவர் அவர்தான். பதினான்கு வருடமாக. தினமும் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்.

இது எனக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை.

ஜூலை 26, சனி

மாதா கோவில் கொடியேற்றம். வெடிச் சத்தம். மீன் வரவில்லை, மெட்டில்டாவும் வரவில்லை. பிரதியை வேறொரு பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தாள், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி. ஒரு பக்கமும் மடங்கவில்லை. மீன் வாடை துளியும் இல்லை. டாக்டர் வந்து பார்க்கட்டும்.

யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. நாவல் நாவல்தான், மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றும் இல்லை என்று காலையில் இங்கே எழுதினேன். இப்போது வாசித்தால் ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கிறது.

பிரதியைச் சுருக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூட ஓடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் நானே போனேன். மெட்டில்டா நாற்காலி போட்டாள்.

"நீங்க எழுதுனது தப்புன்னு சொல்லல, ஸ்டெனோம்மா. எந்தம்பி ரெண்டு நாளா சாப்பாட்டுல கை வைக்கல. அதான்."

அருளப்பன் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் இருந்தார். நாற்பத்தைந்து இருக்கும். எழுந்து நின்றார்.

"தம்பி, அது உங்கள வச்சு எழுதல" என்றேன்.

"தெரியும்மா. அதுக்காக எந்திச்சுப் போவல."

"பின்ன?"

"அவன் விட்டுட்டான். சரி. அப்படியும் ஒருத்தன் இருந்திருப்பான், மனுசன்தான. ஆனா நீங்க அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வரலியே. நேரா எட்டு வருசம் கழிச்சுன்னு போட்டுட்டிய. அவன லேசா விட்டுட்டியளே."

வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையின் குறுக்கே, சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் வரை, வெளுத்த தழும்பு.

"ஒரு தடவ நீரோட்டம் அத்தான இழுத்துட்டு. கயிறு ஓடுச்சு. நான் விடல, தோலு போச்சு. வீட்டுக்கு வந்தா அக்கா எம்மூஞ்சியப் பாக்கல. கையத்தான் பாத்தா. பிடிச்சவன் கை கிழியும்மா. விட்டவன் கை சுத்தமா இருக்கும். ஒங்க கதையில அந்த அக்கா அதப் பாக்காமலா இருந்திருப்பா?"

உள்ளேயிருந்து சிலுவை: "என்னளா சொல்லுதான்?"

மெட்டில்டா: "ஒங்க உசுரப் பத்தித்தான். சும்மா இருங்க."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடம் தாண்டியதை நான் உத்தி என்று நினைத்திருந்தேன். பயம். எழுத வராத இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். ப. அலுவலகத்தில் அத்தனை பேர் அரைமணி நேரம் பேசாமல் இருந்தும் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த மனிதர் காதால் ஒரே ஒரு முறை கேட்டார், அதுவும் பாதி நாவல்.

ஜூலை 29, செவ்வாய்

நேற்றும் இன்றும் எழுத்து. விடியற்காலை ஐந்து முதல். மதியம் கஞ்சி, துவையல். போன் அடித்தது, எடுக்கவில்லை.

பதினெட்டு-அ. மச்சினன் கரையேறுகிறான். கரை முழுக்க அழுகை. அக்காள் அழவில்லை. அவன் கையைப் பிடிக்கிறாள். அவன் மூடிக்கொள்கிறான். ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிறாள். கை சுத்தமாக இருக்கிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போடுகிறாள், அந்தக் கை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு.

பதினான்கு பக்கம். இதுவரை நான் எழுதியதில் நல்ல பதினான்கு பக்கம். அடக்கம் காட்ட இங்கே யாரும் இல்லை.

ஜூலை 30, புதன்

புது அத்தியாயத்தை மெட்டில்டாவிடம் கொடுத்தேன். இந்த முறை நாற்காலியில் முன்னால் உட்கார்ந்தேன். அருளப்பன் வந்திருந்தார். முடியும் வரை இருந்தார். தலையைக் குனிந்தே கேட்டார்.

அதே பெரியவர்: "சோறு போட்டாளா? போட்டிருப்பா. சண்டாளி, போட்டிருப்பா."

சிலுவை: "கடைசிப் பக்கத்தத் திரும்ப வாசிளா."

"கேக்கலியா?"

"கேட்டுச்சு."

திரும்ப வாசித்தாள். அருளப்பன் போகும்போது என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீடு வரை வந்து, வாசலில் வைத்துவிட்டுப் போனார். நாற்காலி மெட்டில்டாவுடையது. இரண்டு பேருக்கும் அது பிறகுதான் தெரிந்தது.

மாலை முழுக்க வெட்டு. டச்சு விருந்து ஒன்பது பக்கம், போயிற்று. திருச்செந்தூர்ப் பயணம், போயிற்று. நிலா வரும் இடங்கள் எல்லாம், ஒன்றைத் தவிர. மொத்தம் 331. இதற்குக் கீழே இறங்காது. புது அத்தியாயத்தை எடுத்தால் 317. அப்போதும் 280 இல்லை. எடுக்கப்போவதும் இல்லை.

ப. வேண்டாம் என்று சொல்லலாம். இந்த வயதில் இன்னொருவரைத் தேட எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாளை தபால் ஆபீஸ் போகிறேன்.

ஜூலை 31, வியாழன்

காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன். கடிதத்தின் நகல்:

ஐயா,

'கல்லும் கயிறும்' திருத்திய பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 331 பக்கம். நீங்கள் கேட்டது 280. புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னீர்கள். ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறேன், பதினெட்டு-அ. உங்களுக்குப் பிடித்த பதினெட்டாம் அத்தியாயம் அது இல்லாமல் பொய். இதை எனக்குக் காட்டியவர் இந்தக் கரையில் கயிறு பிடிக்கும் திரு. அருளப்பன். அவர் பெயர் நன்றியுரையில் முதலில் வரவேண்டும், என் கணவர் பெயருக்கும் முன்னால். வேறு எந்தப் பக்கத்தைக் குறைக்கச் சொன்னாலும் யோசிப்பேன். இந்தப் பதினான்கில் ஒரு வரியும் குறையாது. இந்த நிபந்தனையோடு வெளியிடச் சம்மதமா, இல்லையா என்பதைத் தொலைபேசியில் அல்லாமல் எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.