எந்த மூட்டையில் கேன்?

கள்ளக்குறிச்சி
1.8.2025

அன்புள்ள கவியா,

நலமா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? உங்கள் ஊரில் டவர் எடுக்காது என்பதால், நான் செய்த விளையாட்டை மெமரி கார்டில் போட்டு மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெயர் ‘எந்த மூட்டையில் கேன்?’ மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஆறு பேர். ஒருவரிடம் சாராயக் கேன். யார் எங்கே ஏறினார்கள், மூட்டை எவ்வளவு கனம் என்ற குறிப்புகளை வைத்து, செக்போஸ்ட் வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆடியவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள். நம்பிக்கை வரவில்லை. கல்லூரியில் என் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்தவள் நீதானே. இருபதாம் தேதி வெளியிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை தருவார்களாம். ஒளிக்காமல் சொல்.

உன் எழில்


கல்வராயன்மலை
6.8.2025

எழில்,

ஆடினேன். மூன்றாவது கட்டம் திணறடித்துவிட்டது. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். “இன்னாடி இது, அந்தக் கடுக்கா மூட்டை நம்முளுது மாதிரியே கீது? போன்ல கூட போலீசு அவுக்கச் சொல்றானா?” என்று சிரித்தாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள்.

‘யாரிடமும் இல்லை’ என்று ஒரு பொத்தானைத் தேடினேன். இல்லை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவர் திருடராக இருந்தே தீர வேண்டுமா?

கல்லூரிக்கு வந்த முதல் நாள் செக்போஸ்ட்டில் என் சிவப்புப் பெட்டியை ரோட்டில் கொட்டினார்கள். அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். இரண்டாவது கட்டத்தில் சிவப்புப் பெட்டியோடு ஒரு பெண். அவளிடம்தான் கேன்.

வெளியிடாதே.

கவியா


கள்ளக்குறிச்சி
10.8.2025

கவியா,

பெட்டி தெரியாமல் வந்துவிட்டது. நிறத்தை மாற்றிவிடுகிறேன். ஆனால் வெளியிடாதே என்கிறாயே! அப்பா சாராயம் குடித்துச் செத்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. அதைப் பற்றி நான் ஒரு விளையாட்டுகூடச் செய்யக் கூடாதா?

அம்மா கரும்பு வெட்டிவிட்டு வந்து தினமும் கேட்கிறாள்: “வேல இன்னா ஆச்சு எழிலு?” ஒரு பொத்தானுக்காக எல்லாவற்றையும் விடச் சொல்கிறாயா?

எழில்மதி


கல்வராயன்மலை
14.8.2025

எழில்,

நிறத்தில் என்ன இருக்கிறது? உன் அப்பா குடித்த பாக்கெட்டை விற்றது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நீதான் அழுதுகொண்டே சொன்னாய். அந்த வீட்டை ஏன் வரையவில்லை? அவர்களோடு தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதனால்தானே? எங்களை வரைவது சுலபம். தூரத்தில் இருக்கிறோம்.

ஒரு நாள் எங்கள் பஸ்ஸில் ஏறி மலையிலிருந்து கீழே வந்து பார். பிறகு உன் இஷ்டம்.

கவியா


கள்ளக்குறிச்சி
21.8.2025

அன்புள்ள கவியா,

போன திங்கட்கிழமை மலையேறி வெள்ளிமலை வரை வந்தேன். உன் வீட்டுக்கு வர முகமில்லாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். பக்கத்தில் ஒரு அக்கா, மடியில் சாமை மூட்டை. என் மடியில் என் பை. செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் என்னைப் பார்த்து, “எந்த ஊரும்மா?” என்றார். “கள்ளக்குறிச்சி” என்றேன். என் பையைத் தொடவே இல்லை. அக்காவைக் கீழே இறக்கினார்.

“சாமதாங்க ஐயா, கொட்டிடாதீங்க.”

கொட்டினார். அவள் அள்ளிக்கொண்டிருக்கும்போதே பஸ் கிளம்பியது. நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுதான் இருபதாம் தேதி. வெளியிடவில்லை. கம்பெனிக்கு, இப்போதைக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மாவைப் பார்க்க வரலாமா? வேண்டாமென்றால் அதையாவது எழுது.

எழில்மதி