பகலில் சூடேறும் ஹீட்டர்

அன்புள்ள அம்மா,

அப்பாவின் இருமல் குறைந்ததா? நான் நலம். டண்டீயில் புது வீடு பிடித்திருக்கிறது, ஹீட்டர்தான் முரண்டு பண்ணுகிறது. இரவின் மலிவு மின்சாரத்தில் தன்னுள் இருக்கும் கற்களைச் சூடாக்கி, பகலெல்லாம் வெப்பம் தரவேண்டியது அது. அதை இயக்கும் கடிகாரத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். விலை கூடிய பகலில் சூடேறி, விடிவதற்குள் ஆறிப்போகிறது. கட்டடம் முழுக்க இதே கதை.

புகார் சொன்னோம்; பார்க்க வந்த வீட்டுக்காரரின் ஏஜெண்ட் சிரித்தான். “வடக்குத் தீவுக் குளிர்ல பொறந்த பொண்ணுக்கு இங்க குளிரா? ஸ்வெட்டர் போட்டுக்கோ, செல்லம்.”

கீழ்வீட்டு இஸோபெல் கத்தினாள்: “ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாருடா, அப்புறம் சிரி!”

வாடகைக்கு இருப்பவர்கள் வாயில்லாதவர்கள் என்று அவனுக்கு நினைப்பு. அப்பாவின் தடித்த காலுறை ஒரு ஜோடி அனுப்பு, அதற்குள் உன் கைப்பட இரண்டு வரியும் வை.

நான் காத்திருந்த பஸ் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் கடிகாரத்தைத் திருத்தாவிட்டால், எல்லோரும் கெட்டிலோடு ஏஜெண்ட் அலுவலகத்தில் போய் உட்காருவோம். அவர்களுடைய பகல் மின்சாரத்தில்தான் தேநீர்.

உன் ஷீனா