பட்டாணிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும் முன்பே இந்தக் கடிதம் அங்கே போய்க் காத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் எதுவும் பேச முடியவில்லை. அத்தை பக்கத்திலேயே நிற்கிறார்கள். நீங்களும் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, "டாக்டர் சொல்றபடி செஞ்சிடும்மா" என்று வைத்துவிடுகிறீர்கள்.

பட்டாணி நன்றாக இருக்கிறது. பசித்தால் வீட்டை இரண்டாக்குகிறது. கொட்டாவி விட்டால் அசல் நீங்கள்தான். பெயர் வைக்கும்வரை கூப்பிட ஏதாவது வேண்டுமே என்று பட்டாணி என்றேன். இப்போது அதுவே நிலைத்துவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா விடுவதாக இல்லை. "சட்டையா கவுனான்னு சொன்னாத்தானே துணி வெட்ட முடியும்? கதவையே திறக்க மாட்டேங்கிறீங்க, உள்ளே புதையலா வச்சிருக்கீங்க?" என்று வாசலில் நின்று சிரிக்கிறார். குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அத்தை ஜன்னல் திரையை இழுத்து விடுகிறார்கள். ஈரத் துணியைக்கூடச் சமையலறைக்குள்தான் உலர்த்துகிறோம். பட்டாணி இன்னும் வெயிலைப் பார்க்கவில்லை.

நாற்பதைத் தாண்டிப் பெற்றதால்தான் இப்படி என்று அத்தை ஒருநாள் சொன்னார்கள். பிறகு அவர்களே உட்கார்ந்து அழுதார்கள். கோபப்பட எனக்கும் தெம்பில்லை.

பெரிய டாக்டரிடம் போனோம். அத்தை உங்களிடம் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. எந்த நோயும் இல்லை. உறுப்பு மட்டும் ஆண் என்றோ பெண் என்றோ சொல்ல முடியாதபடி இருக்கிறது. அறுத்துப் பெண்ணாக்கிவிடுவது சுலபம் என்றார், கதவுக்குப் பூட்டு மாற்றுவது மாதிரி. செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்தா என்று கேட்டேன். "ஆபத்தெல்லாம் இல்லைம்மா. நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க? அதுக்குத்தான்" என்றார். வளர்ந்த பிறகு பட்டாணியே வந்து, நான் பெண் இல்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் என்றேன். அவர் பேனாவை மூடினார். அத்தை என் கையைக் கிள்ளினார்கள்.

அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். உங்கள் சம்மதம் போதுமாம். என்னுடையதை யாரும் கேட்கவில்லை.

அந்த நாலு பேரில் ஒருத்தராவது பட்டாணி வீறிடும்போது தூக்கிவைத்துக்கொள்ள வருவார்களா?

கல்யாணமான புதிதில் நீங்கள் ஒரு கதை சொன்னீர்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன், பார்வைக்குச் சரியாக இல்லை என்று நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டு, கப்பல் நடுக்கடலில் நின்றுபோன கதை. "ஓடுற எஞ்சின்ல எதுக்குடா கை வச்சே?" என்று அவனை அடிக்கவே போனீர்களாம். விழுந்து விழுந்து சிரித்தோம்.

டாக்டருக்குப் பதில் சொல்லும் முன் ஒருமுறை வந்துவிடுங்கள். திரையை விலக்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில், உங்கள் கையால் குழந்தையைக் குளிப்பாட்டுங்கள். அதற்குப் பிறகும் அறுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அப்போது நானும் சம்மதிக்கிறேன் என்று எழுத நினைத்தேன். கை வரவில்லை.

கடல் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். வந்து கதவைத் தட்டும்போது குரல் கொடுங்கள். உள்தாழ்ப்பாள் போட்டிருப்பேன்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா