பத்து நாள் பால்

2009 ஏப்ரல் 12, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. பொருளியல் கட்டுரை நாலு பக்கம் எழுத வேண்டும். எழுதியது தலைப்பு மட்டும்.

என் கூட்டாளி பஸ்மிலாவின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், கட்டாரிலிருந்து வந்துவிட்டார். நாலு வருடத்துக்குப் பிறகு. நோட்ஸ் வாங்குகிற சாட்டில் போனேன். நோட்ஸ் என் பையிலேயே இருந்தது, அது வேறு கதை. விறாந்தையில் குந்தியிருந்து பெட்டியில் சுற்றிய டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “ஆரு, சிபாவா? நல்லா வளந்திட்டாய்” என்றார். ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. பிறகு கத்தி தேட எழும்பிப் போய்விட்டார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மடச்சி மாதிரி நின்றேன்.

பெட்டியில் இருந்தவை: கம்பளி இரண்டு, டோர்ச், பால்மா, அவர்களுடைய உம்மா சுபைதா மாமிக்கு அபாயா, பஸ்மிலாவுக்குக் கைக்கடிகாரம். எனக்கு ஒரு சவர்க்காரம். அதுவும் மாமியாகப் பார்த்து எடுத்துத் தந்தது.

காக்காவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். கூடவே இருக்கிற சாச்சி, உம்மாவின் தங்கச்சி, படுக்கை தட்டுகிறேன் என்று எல்லாவற்றையும் கிளறுகிறவள். அவர் இனி ‘அ.’

ஏப்ரல் 15, புதன்

பஸ்மிலாவிடம் சொல்லிவிட்டேன். டியூஷன் விட்டு வரும் வழியில், ஐஸ் பழக் கடை முன்னால். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். “எங்கட காக்காவயா? அவன் குறட்டை விட்டா ஓடு பறக்கும் புள்ள.” பிறகு என் கையைப் பிடித்து நசித்து, “அப்ப நீ எனக்கு மதினியா வரப்போறாய்” என்றாள். தன் உம்மாவிடம் மெல்லமாக வாய் விட்டுப் பார்க்கிறாளாம்.

ஏன் அவர்தான் என்று கேட்டாள். சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். சுனாமியில் கடல் வந்து மூன்றாம் நாள் என் உம்மாவைக் கண்டெடுத்தது அ. எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவும் அவரும் மூன்று நாளும் தேடித் திரிந்தார்கள். கடலில் விழுகிற தோணாக் கால்வாய்க் கரையில், முள்வேலிக்குள். தன் சட்டையைக் கழற்றி உம்மாவை மூடிவிட்டுத்தான் வாப்பாவைக் கூப்பிட்டாராம். இதை வாப்பா ஒரே ஒரு தரம் சொன்னார். எனக்கு அது போதும்.

இரவுச் சோறு இறங்கவில்லை. சந்தோசத்தில்.

ஏப்ரல் 24, வெள்ளி

பஸ்மிலா என்னைக் கண்டால் வேறு பக்கம் கிறுகிப் போகிறாள். வகுப்பில் மூன்று நாளாக வேறு வாங்கில் போய்க் குந்துகிறாள். ஏன் என்று கேட்டால் தலையிடியாம். தலையிடிக்கும் வாங்குக்கும் என்ன சம்பந்தம்?

பகல் சாச்சி நெத்தலி கிள்ளிக்கொண்டே செய்தி வாசித்தாள். அக்கரைப்பற்றிலிருந்து அ.-வை மாப்பிள்ளை கேட்டு ஆள் வந்திருக்கிறதாம். ஒரே மகள். மாடி வீடு, புள்ளையின் பெயரில். வட்டையில் வயல் காணியும் இருக்கிறதாம். “குமருக்கு வீடில்லாட்டி வாசலுக்கு எவன் வருவான்?” என்று முடித்தாள். என்னைக் குத்திச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

எனக்கும் வீடு இருந்தது. உம்மா எனக்கென்று கல்லுக் கல்லாகக் கட்டின வீடு, கடற்கரைத் தெருவில். இப்போது அத்திவாரம் மட்டும், அதற்குள் நண்டு. திரும்பக் கட்டவும் விடமாட்டார்களாம், கடலுக்குக் கிட்டவாம். இப்போது இருக்கிற, சுனாமிக்குப் பிறகு தந்த திட்ட வீடு சாச்சியின் மகள்மார் மூன்று பேரோடு பங்கு.

ஆக, அதுதான் தலையிடி. மாடி வீட்டு மதினி கிடைத்துவிட்டாள்.

மே 3, ஞாயிறு

பஸ்மிலாவை டியூஷன் படலையில் மறித்துப் பிடித்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். கள்ளி, மாடி வீட்டு ஆசை பிடித்தவள், இன்னும் என்னென்னவோ. அவள் அழுதுகொண்டு சொன்னாள்:

“உம்மா உனக்கும் பால் தந்திரிக்கா. நானும் நீயும் ஒரே பால் குடிச்ச. காக்கா உனக்குச் சகோதரம், சிபா. உனக்கு எப்பிடிச் சொல்றெண்டு தெரியாமத்தான் ஒளிச்சித் திரிஞ்ச.”

பால்குடிச் சகோதரம். கூடப் பிறந்த சகோதரம் மாதிரியே. கலியாணம் ஹராம். ஐந்தாம் வகுப்பிலேயே படித்த பாடம், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். என் தலையிலேயே வந்து விழும் என்று யார் கண்டது.

பிரச்சினைக் காலமாம், எங்கும் சண்டை. ஊரடங்கு. உம்மா நெருப்புக் காய்ச்சலில் அம்பாறை ஆஸ்பத்திரியில். நான் நாலு மாதக் குழந்தை. கடைகளில் பால்மா இல்லை. பக்கத்து வீட்டில் பஸ்மிலாவும் கைக்குழந்தை. இவ்வளவுதான் கதை.

ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை? உம்மா சொல்லியிருப்பா என்று மாமி நினைத்தாவாம். உம்மா நான் பெரிய பிள்ளையானதும் சொல்லலாம் என்று இருந்திருப்பா. அந்த வருசம்தான் கடல் வந்தது.

நம்ப முடியவில்லை. நம்பவும் மாட்டேன்.

மே 5, செவ்வாய்

மத்ரசாவில் படிப்பிக்கிற மௌலவியாவிடம் போனேன். “ஒரு கூட்டாளிக்கு” என்று சொல்லிக் கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் போல, அவ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு தரம் வாய் வைத்தால் உறவு வராதாம். நம்முடைய மத்ஹபின் சட்டப்படி ஐந்து தரம், பிள்ளை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நிக்காஹ்வுக்குத் தடை இல்லை.

ஐந்து! வரும் வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. நாலு தரமாக இருக்கலாம்தானே. மூன்றாகவும் இருக்கலாம். மாமி ஒரு இரவு மட்டும் வைத்திருந்திருப்பா, அதைப் பெரிதாக்கிச் சொல்கிறாவாக்கும்.

வாப்பா மில்லிலிருந்து வந்ததும் சுற்றி வளைத்துக் கேட்டேன். தவிடு படிந்த தலையைத் துடைத்துக்கொண்டே, ஓம், சுபைதாதான் பார்த்தா என்றார். எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது. உம்மாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், றோட்டெல்லாம் பூட்டு, ஊருக்கு வரவே முடியவில்லையாம். “அல்லாஹ் அவக்கு அருள் செய்யட்டும், நல்ல மனுசி” என்றார். பிறகு என்ன திடீரென்று என்று என்னைப் பார்த்தார். சும்மா என்றேன்.

மே 9, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி வீட்டுக்குப் போனேன். அ. வீட்டில் இல்லை. மாமி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. சூரை. நான் நின்றபடியே கேட்டேன். எத்தனை தரம் பால் தந்தீர்கள்?

மாமிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. மீனைச் சட்டியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினா. “பத்து நாள் புள்ள. ராவும் பகலும். பஸ்மிலாக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு பக்கம்” என்றா.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். இல்லை. வீடில்லாத புள்ள என்றபடியால்தானே இப்படிச் சொல்றீங்க, மாடி வீடு வந்ததும் பால் ஞாபகம் வந்ததா என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன்.

மாமி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னா:

“உன்ட உம்மா சுகமாகி வந்து, உன்னத் தூக்க ரெண்டு கையயும் நீட்டினா. நீ போகல்ல. என்ட நெஞ்சில முகத்த வெச்சிட்டுக் கத்தின. உன்ட உம்மா இந்த வாசல்ல நிண்டு அழுதா. அத நான் ஆருக்கும் சொல்லல்ல, இண்டைக்கு வரைக்கும்.”

திரும்பினால் பின்வாசலில் பஸ்மிலா. எல்லாம் கேட்டிருக்கிறாள். கத்தவில்லை. “எங்கட உம்மாட பாலுக்குக் கணக்குக் கேட்டு வந்தியா? போ” என்றாள். மாமி அவளைப் பேசாதே என்றா. நான் போய்விட்டேன்.

உம்மா அழுதாவாம். நான் போகவில்லையாம். நாலு மாதத்திலேயே எனக்கு யாரிடம் போக வேண்டும் என்று தெரியவில்லை.

மே 19, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டது என்று டீவி சொல்கிறது. பஸாரில் காலையிலிருந்து பட்டாசு வெடி. சந்தியில் ஆமிக்காரர்கள் பாற்சோறு கொடுத்தார்கள், சாச்சியின் மகள்மார் போய் வாங்கி வந்தார்கள். கொடி கட்டிய ஆட்டோ தெருவை மூன்று தரம் சுற்றியது. தமிழ்ப் பக்கம் கடைகள் பாதி பூட்டு. டியூஷன் படிப்பிக்கிற சேர் நற்பிட்டிமுனையிலிருந்து வரவில்லை. வரமாட்டார் என்று தெரிந்தும் போனேன், பஸ்மிலா வருவாள் என்று.

வந்திருந்தாள். இருபது பேர் வெளியில் நின்றோம். எல்லோரும் சேருக்கு வன்னியில் யாரோ இருக்கிறார்களாம் என்று கதைத்தார்கள். அவளும் கதைத்தாள், என்னைத் தவிர மற்ற எல்லோரோடும். ஸலாம் சொன்னேன். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்பதால் பதில் மட்டும் சொன்னாள். கணக்குத் தீர்க்கிற மாதிரி.

இன்னும் பாற்சோறு மிச்சம் கிடக்கிறது. எனக்கு வேண்டாம்.

மே 31, ஞாயிறு

மாமி வீட்டுக்கு வந்தா. நான் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். விடவில்லை, உள்ளே வந்து கட்டிலில் குந்தினா. அடுத்த ஞாயிறு அக்கரைப்பற்றுக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். மாப்பிள்ளையின் சகோதரிகள்தான் சங்கிலி போட வேண்டும். “என்ட மகள்மார் ரெண்டு பேரும் வரணும்” என்றா. முகத்தில் அன்றைய வருத்தம் ஒரு துளி இல்லை. மன்னித்தது மாதிரியும் இல்லை, நடக்காதது மாதிரி. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

வாப்பாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. உம்மா இல்லாத புள்ளைக்கு அல்லாஹ் ஒரு உம்மாவைத் தந்திருக்கிறானாம், ஒரு காக்காவையும் தந்திருக்கிறானாம். சாச்சி கூட மூக்கை உறிஞ்சினாள்.

இனி முழுப் பெயரையும் எழுதலாம். மறைக்க என்ன இருக்கிறது? அஸ்வர் காக்கா. அஸ்வர் காக்கா. அஸ்வர் காக்கா. பழகட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

கச்சான் காற்று. வான் வண்டி முழுக்கப் புழுதி. பின் சீற்றில் நான், முன் சீற்றில் பஸ்மிலா. நடுவில் தட்டுகள், மஸ்கற், தொதல் என்று இனிப்புகள், சேலை. ஒலுவில் ஊரைத் தாண்டும்வரை ஒரு கிழவி மருமகள் கதையை ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தா. நல்லதாகப் போயிற்று.

மாடி வீடு உண்மைதான். மாபிள் தரை. பெண்ணும் நல்லவள், பெயர் றிஸ்னா. அவலட்சணமாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் துஆ கேட்டேன், கபூலாகவில்லை. எனக்கும் சர்பத் தந்தாள். அவளை வெறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை, அதற்காகவே வெறுக்கிறேன்.

பெண்ணின் பெரியம்மா என்னைக் காட்டி இது யார் என்று கேட்டா. பஸ்மிலாதான் பதில் சொன்னாள். “உம்மாட பால் குடிச்ச புள்ள.” முதலாம் வகுப்பிலிருந்து யார் கேட்டாலும் என்னைத் தன் கூட்டாளி என்றுதான் சொல்வாள். இன்று அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை.

சங்கிலி பஸ்மிலா போட்டாள். நான் பெண்ணின் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கொழுக்கி மாட்ட நேரமெடுத்தது. இரண்டு பேருடைய கையும் இரண்டு மூன்று தரம் பட்டது.

திரும்பி வந்து மாமி வீட்டில் இறங்கினோம். எனக்கு வியர்த்து வழிந்தது. மாமி, “முக்காட்டக் கழத்தி வை புள்ள, ஆரு இரிக்கிற? உன்ட காக்காதானே” என்றா. கழற்றிக் கதிரையில் போட்டேன். பின்னலும் அவிழ்ந்து கிடந்தது, முடி இடுப்பு வரைக்கும். கட்டவில்லை. வேண்டுமென்றேதான் கட்டவில்லை, யாரிடம் மறைக்க.

அவர் உள்ளே வந்தார். பிறந்ததிலிருந்து முதல் தரமாக என் பக்கத்தில் வந்து குந்தினார். என் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை வாங்கிக் குடித்தார். “தங்கச்சி, பஸ்மிலாட கதைய நம்பேலா, நீ சொல்லு, எப்பிடி அந்தப் புள்ள? கதைச்சதா? சிரிச்சதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணெல்லாம் மினுங்கியது. என் முடியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்க்கிற மாதிரி, சந்தோசமாக.

அழகு, காக்கா, சிரித்தது என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. எழும்பிப் போய் யாருக்கோ போன் எடுத்தார்.

பஸ்மிலாவுக்குத் தெரிந்துவிட்டது. அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதிரையில் கிடந்த முக்காட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதமாக என்னோடு கதைக்காதவள். என் மடியில் போட்டாள்.

“போட்டுக்கொண்டு வீட்ட போ” என்றாள்.