டேப் தொங்கிய உயரம்

இன்று காலை அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தத் துணி டேப்பை எடுத்தேன். தோல் உறையைத் திறந்ததும் ஆற்று வண்டல் வாடை அடித்தது. நீங்கள் காலமாகி ஒரு வருடம் ஆகிறது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வயிறு எரிகிறது, அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

நேற்று உங்கள் வீட்டுக்காரம்மா போன் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆற்றைக் கடக்க நடைபாலம் வருகிறதாம். சந்தோஷப்பட்டேன். அடுத்த பேச்சில் அது போயிற்று. “இடுக்குலதான் கட்டறாங்களாமுங்க. உங்க படத்துல அப்படித்தான் இருக்குதுன்னு சொல்றாங்க.”

என் படம்தான். சர்வேயராக மலைக்கு வந்த புதிதில் வரைந்தது. ஆறு எங்கே ஒடுங்குகிறதோ அங்கே தாண்டுவதுதான் சுலபம் என்று சமவெளிக்காரனான நான் நினைத்தேன். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே அது நுழைகிற இடுக்கில் ஒரு கோடு போட்டு, கடக்கும் வழி என்று எழுதினேன். உங்கள் எடப்புளி நாட்டு மலையூர்களில் ஒருவரும் அங்கே தாண்டியதில்லை. ஆறு பரந்து, முழங்கால் ஆழத்தில் ஓடும் மேல்துறைக்கு, மரவள்ளி மூட்டையோடு சுற்றிக்கொண்டு போவீர்கள். வீண் நடை என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இடுக்கை அளக்க இறங்கிய அந்த மதியம் நல்ல வெயில். எனக்கு டேப் பிடிக்க வந்த நீங்கள் அதன் முனையை எதிர்க்கரையில் கட்டிவிட்டு என் பக்கம் வந்து நின்றீர்கள். சட்டென்று மூக்கை உறிஞ்சினீர்கள்.

“உழுத மண்ணு வாசம் வருதுங்க. மேல மழை. டேப்ப உட்டுட்டு ஏறுங்க சாமி.”

நான் விடவில்லை. அரசாங்கச் சாமான் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று முடிச்சை அவிழ்க்கப் போனேன். என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தீர்கள். நாம் நின்ற இடத்தைச் செந்தண்ணீர் மூடியது. நமக்கு மேலே வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்து டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். பாறைச் சுவரில் இரண்டு ஆள் உயரத்தில், அத்தி வேரில் சிக்கித் தொங்கியதாம். ஏணி வைத்து எடுத்திருக்கிறீர்கள். “அகலத்துல போக எடமில்லீன்னா ஆறு மேலதானுங்க ஏறும்” என்றீர்கள்.

ஆபீசில் சொன்னேன். வேரில் தொங்கியதெல்லாம் அளவா என்று சிரித்தார்கள். இடுக்கில் கடக்க முடியாது என்று ஒரு கடிதம் எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்தப் படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்திருக்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் “அந்தக் கோட்ட மாத்தீட்டீங்களா” என்று கேட்பீர்கள். கடிதம் கொடுத்திருக்கிறேன் என்பேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அதையே கேட்டீர்கள், நானும் அதையே சொன்னேன். கடிதம் எங்கோ மட்கிப் போயிற்று, கோடு மட்டும் பிழைத்துக்கொண்டது.

இன்று பொறியாளரிடம் போனில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். குறுகலான இடம், சின்னப் பாலம், சீக்கிரம் முடியுமாம். கோடையில் போய் கணுக்கால் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மலைக்காடுகளின் தண்ணீரெல்லாம் இந்த ஒரு வாசலில்தான் முண்டும் என்று சொன்னேன். “உங்க படம்தானே சார்?” என்றார். அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் எனக்கு வந்த கோபம் அதிகம். உள்ளூரில் ஒரே ஒருவரையாவது நிற்கவைத்துக் கேட்டிருந்தால் போதுமே! அன்று நானும் கேட்கவில்லை, இன்று அவரும் கேட்கவில்லை.

நாளை இடம் குறிக்க வருகிறார்கள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் மலை ஏறுகிறேன். அத்தி வேர் இன்னும் இருக்கிறதாம்; உங்கள் வீட்டுக்காரம்மா ஏணியை எடுத்து வைத்திருக்கிறார். இந்த முறை கடிதம் எதுவும் கொண்டுபோகவில்லை. நீங்கள் எடுத்த இடத்திலேயே இந்த டேப்பைத் திரும்பக் கட்டப்போகிறேன். பொறியாளர் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பிள்ளைகள் இங்கேதான் நடக்க வேண்டும் என்று என் முகத்துக்கு நேரே சொல்லட்டும்.