பொம்மைக்கு அடுத்து அம்மா

அன்பு மகள் ஆர்த்திக்கு,

வண்டிப்பெரியாரிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். பதறாமல் முழுசாகப் படி. உன் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், வியாழக்கிழமை மெடிக்கல் காலேஜில் ஆபரேஷன். முன்னாலேயே தெரிந்தால் நீ ரயில் ஏறிவிடுவாய் என்று அவள் என்னைச் சொல்லவிடவில்லை. முடிந்ததும் போனில் சொல்லிவிடுவேன். லக்னோவுக்குக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும், போனில் சொல்ல வராததைத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது மயக்க மருந்து டாக்டர் அம்மாவை வாயைத் திற, நாக்கை நீட்டு, கழுத்தைப் பின்னால் சாய் என்று சோதித்தார். எல்லாம் சரியாம். கூடவே பிலோமி என்று ஒரு படிக்கிற பிள்ளை, உன் வயசுதான் இருக்கும். மயங்கின பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போடப்போவது இந்தப் பிள்ளை, பொம்மையில் நன்றாகப் பழகிவிட்டது, மனுஷருக்கு இதுதான் முதல் தடவை, நான் பக்கத்திலேயே நிற்பேன், சம்மதமா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். ஏன் சார், பொம்மைக்கு அடுத்து எங்க வீட்டுப் பொம்பளதான் கெடச்சாளா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. உன் அம்மா என்னை முறைத்துவிட்டு, நீ போடு தாயி என்று அதன் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்ததாம், வெளியே வந்து சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாக்டரியில் டிரையரைக் கவனிக்காமல் தேயிலைத் தூளைக் கருக்கி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீயும் அங்கே படிப்பில் இதே டியூபைப் பொம்மையில் ஒரு தடவைகூடத் தப்பாமல் போட்டுவிட்டு, நிஜ ஆள் முன்னால் டியூபைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிவிட்டதாகவும், படிப்பே வேண்டாம், மாதக் கடைசியில் வந்துவிடுகிறேன் என்றும் போனில் அழுதாயே, அன்று நான்தான் வந்துரும்மா என்றேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசாதவள் ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் இப்படி என்று நேற்று சண்டைக்குப் போனேன். நம்ம பிள்ளைக்கும் அங்க எவளாச்சும் ஒருத்தி வாயத் தொறக்கணும்ல என்றாள். உடனே சம்மதப் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயம் மட்டும் போகவில்லை. ராசாத்தி, அன்று வந்துவிடு என்று நான் சொன்னது தப்பு.

மாரியம்மன் உன் கூடவே இருப்பாள், எங்கள் ஆசியும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவைப் பார்க்க நாலு நாள் லீவில் வா, பெட்டியைக் கட்டிக்கொண்டு வராதே.

உன் அப்பா,
குருசாமி