கழுவிய கற்கள்

ஹல்துமுல்லை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபாஜினிக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஜப்பான் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, கொழுந்து எடுக்கப் போய் வருகிறாள். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று யோசிப்பாய். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ போன ஆடியில் வந்தபோது, பெட்டி பாரம் கூடிவிட்டது, கேட்கும்போது அனுப்புங்கள் என்று கட்டிலுக்கு அடியில் வைத்துப்போன மூன்று கற்களைப் பற்றித்தான். போன வாரம் நீ கேட்டதும் பத்திரமாக இருக்கிறது என்றேன். அது பொய் மகள். மாசியில் செடி வெட்டும் கவ்வாத்துத் தொடங்கினோம். தேயிலையில் கத்தி வைக்கும் முன் மலை ஓரத்தில் மூன்று கல் நட்டு கவ்வாத்துச் சாமி கும்பிடுவது உனக்குத் தெரியும். என்னோடு கவ்வாத்து வெட்டும் ஜீவன் நல்ல கல்லாகத் தேடிக்கொண்டிருந்தான், என் வீட்டிலேயே இருக்கிறது என்று நான்தான் பெருமையாக எடுத்துப்போனேன். சாமிக் கல்லில் கிறுக்கல் ஆகாது என்று புளியும் மணலும் போட்டுத் தேய்த்து, நீ எழுதியிருந்த நம்பரையும் அம்புக்குறியையும் போக்கிவிட்டு மஞ்சள் பூசினேன்.

அந்த அம்புதான் முக்கியம் என்று நீ அன்றைக்கே சொன்னாயாம், அம்மா இப்போது சொல்கிறாள். கல் எந்தத் திசை பார்த்து இருந்தது என்று அது காட்டுமாம், அதை வைத்துத்தான் ஐம்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் நம் மலையும் மடகஸ்காரும் தென்னிந்தியாவும் தெற்கே இருக்கும் பனிக்கண்டமும் எப்படி மோதி ஒரே தரையாக ஒட்டின, பிறகு எப்படி உடைந்து விலகின என்று பார்ப்பீர்களாம். நீ மெல்லத்தான் பேசுவாய், நான் ரேடியோவைக் குறைக்கவில்லை. தரை இன்னும் நகம் வளரும் வேகத்தில் நகர்கிறது என்றது மட்டும் காதில் விழுந்தது. அப்படின்னா ஜப்பான் நம்ம பக்கம் வருதா, தள்ளிப் போகுதான்னு கேட்டு எழுதுங்க என்கிறாள் அம்மா.

நீ கேட்ட பிறகு கற்களைத் திரும்ப எடுக்கப் போனேன். சாமியத் தூக்கிட்டுப் போற மொத ஆளு நீங்கதான் மாமா, எவன் கால்லயாவது கத்தி பட்டா ஒங்க மகளத்தான் கேப்போம் என்று ஜீவன் கத்தினான். வேறு கல் நட்டு, கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு எடுத்தேன். நீ உடைத்த இடங்கள் எனக்குத் தெரியும், சுத்தியலைச் சுமந்து வந்தவன் நான்தானே. முதல் கல்லைப் பாறையின் உடைந்த வாயில் வைத்துக் கொஞ்சம் திருப்பினேன், அசையாமல் உட்கார்ந்துவிட்டது. ஓடை ஓரத்துக் கல்லும் அப்படியே. நீங்கள் கண்டங்களைப் பொருத்துவதும் இப்படித்தானா என்று உன்னைக் கேட்க ஆசையாக இருந்தது. வைத்த நிலையிலேயே, வடக்கு எது என்று போனில் பார்த்து, கல்லின் மேல் அம்பு போட்டேன், படமும் எடுத்திருக்கிறேன்.

பனிக்கண்டத்துக் கல்லோடு ஒப்பிட நீ முக்கியமாகக் கேட்டது சிவப்பு மணி பதிந்த மூன்றாவது கல். அதற்குத்தான் இடமில்லை. அது இருந்த பாறையைக் கார்த்திகை மழையில் மண் சரிந்து மூடிவிட்டது. இரண்டு நாள் மண்வெட்டியோடு போனேன், மேலே இன்னும் வெடிப்பு இருக்கிறது என்று தோட்டத்துத் துரை தடுத்துவிட்டார். அதிலும் ஒரு அம்பு போட்டுவிட்டால் என்ன என்று பேனையை எடுத்தேன். எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் நீ நம்பியிருப்பாய். அதனால்தான் போடவில்லை. அதை வெறுங்கல்லாகவே மற்ற இரண்டோடும் நாளை பெரகல தபால் கந்தோரில் கொடுக்கிறேன்.

உன் படிப்பு நல்லபடி முடியட்டும், அம்மன் துணையிருப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே, உன் பேராசிரியர் கேட்டால் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு என் தவறு என்று சொல்லிவிடாதே. எங்கப்பா கழுவிவிட்டார் என்று சத்தமாகச் சொல்.

அன்று உன் பேச்சைக் கேட்காத அப்பா,
மாடசாமி